தொடர்கதையாகப் பிறந்த நாவல்களுக்குள் நுழைவது எப்படி?

"நாவல் படிக்கணும்னு ஆசை. ஆனா எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." இப்படிக் கேட்பவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், தினமும் செய்தி படிப்பார்கள், ஆனால் முந்நூறு பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். கேட்டதுமே யாராவது பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால், "கதைப் புத்தகமெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, இலக்கியம் படி" என்று கனமான ஒன்றைக் கொடுக்கிறார்கள். இரண்டுமே ஆசையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் காரியம்.

இங்கே நான் எழுதப்போவது வெகுஜன நாவல்களைப் பற்றி மட்டும். ஆனந்த விகடன், குமுதம், கல்கி போன்ற பத்திரிகைகளில் வாராவாரம் வந்தவை, பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாத நாவலாகத் தொங்கியவை, அம்மாக்களும் பாட்டிகளும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவை. நான் விமர்சகனோ ஆய்வாளனோ இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கதை படிக்கும் சாதாரண வாசகன். கீழே உள்ள அபிப்பிராயங்கள் என்னுடையவை. படித்துப் பார்த்துவிட்டு நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் இது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நாவல்களில் பெரும்பாலானவை புத்தகமாக எழுதப்பட்டவை இல்லை. வாரம் ஓர் அத்தியாயமாகவோ இரண்டாகவோ பத்திரிகையில் வந்து, எல்லாம் முடிந்த பிறகு சேர்த்துப் புத்தகமாக்கப்பட்டவை. இது ஒன்று மனதில் இருந்தால் போதும், புதிய வாசகரை எரிச்சல்படுத்தும் பாதி விஷயங்களுக்குக் காரணம் பிடிபட்டுவிடும்.

ஓர் அத்தியாயத்தில் நடந்ததை அடுத்த அத்தியாயத்தில் யாராவது ஏன் நினைத்துப் பார்க்கிறார்கள்? போன வாரம் படித்தவருக்கு ஞாபகப்படுத்த. ஒவ்வோர் அத்தியாயமும் ஏன் கதவு தட்டப்படும் சத்தத்திலோ அலறலிலோ நிற்கிறது? அடுத்த இதழை வாங்க வைக்க. முக்கியமான பாத்திரம் ஒன்று ஏன் நடுவில் பத்து அத்தியாயம் காணாமல் போகிறது? எழுதுகிறவர் வேறொரு கிளைக்கதையில் இறங்கிவிட்டார், வாசகர்களுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. கடைசி ஏன் அவசரமாக முடிகிறது? தொடரை முடித்தாக வேண்டிய வாரம் வந்துவிட்டது.

அதனால் இவற்றைத் தொடர்கதையாகவே படியுங்கள். ஒரே மூச்சில் இருநூறு பக்கம் என்று உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போதும். அத்தியாயத்தின் முடிவில் மனம் அடுத்ததற்குத் தாவும்போது புத்தகத்தை மூடி வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதும் "அந்த ஆள் யாராக இருக்கும்?" என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காத்திருப்புக்காகவே எழுதப்பட்ட கதைகள் இவை. வேகமாக விழுங்கினால் கூறியது கூறல்தான் கண்ணில் படும்.

முதல் புத்தகம் சின்னதாக இருக்கட்டும்

தமிழில் படித்துப் பழக்கமில்லாதவருக்கு முதல் தடை கதை இல்லை, கண்தான். வரிகளில் கண் ஓட ஆரம்பிக்க நூறு பக்கமாவது ஆகும். அந்த நூறு பக்கத்துக்குத் தனித்தனிக் கதைகளாக உள்ள புத்தகம் நல்லது. என் சிபாரிசு தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. தேவன் ஆனந்த விகடனில் பொறுப்பாசிரியராக இருந்தவர். 1957இல், நாற்பத்து நான்கு வயதுக்குள் இறந்துபோனார். சாம்பு பார்ப்பதற்கு அசடு, பேச்சும் அசட்டுப் பேச்சு. ஆனால் அவன் தடுக்கி விழுந்தால் திருடன் மேல் விழுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனை மேதை என்று கொண்டாடுவார். மொழி எண்பது வருஷத்துக்கு முந்தையது, ஆனாலும் எங்கேயும் அகராதி தேட வேண்டியதில்லை. ஒரு கதையை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். சில கதைகளில் அதிர்ஷ்டம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பது உண்மை. தொடர்ந்து பத்துக் கதை படித்தால் அலுக்கும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பறியும் கதையே வேண்டும், சிரிப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் இருக்கிறார். தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கும் துப்பறிபவர். சின்னச் சின்ன வாக்கியங்கள், கூடியவரை நல்ல தமிழ். தமிழ் வாசிப்புக்கு வேகம் சேர்க்க இவற்றைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் குற்றவாளி யார் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு இது ஒரு புத்தகத்தோடு போதும்.

கல்கி: எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில்

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி பத்திரிகையில் வந்தது. ஐந்து பாகங்களும் சேர்ந்து 293 அத்தியாயங்கள். மூன்றரை வருஷம் காத்திருந்து மக்கள் படித்ததை நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கப் பார்க்க வேண்டாம். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்து மாதத்தில் முடியும்.

தொடக்கமே எவ்வளவு அழகு என்று பாருங்கள். ஆடிப் பெருக்கு நாள். வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், நிரம்பித் ததும்புகிறது. கரையில் குதிரை மேல் வந்தியத்தேவன் என்ற வாலிபன். ஏரி மதகுகளின் எண்ணிக்கை, அவற்றின் வழியே பாயும் புது வெள்ளம், கட்டுச்சோற்றைக் கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடும் குடும்பங்கள். வரலாறு என்ற பேச்சே வருவதற்கு முன் நமக்குப் பசி வந்துவிடுகிறது. அப்புறம் பழுவேட்டரையரின் பரிவாரம், பின்னால் ஒரு மூடுபல்லக்கு. அதற்குள் யார் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு கல்கி பல அத்தியாயங்களுக்கு நம்மை நடத்திச் செல்கிறார். கடம்பூர் மாளிகையில் நடுநிசிக் கூட்டம் நடக்கும் பகுதியை எட்டும்வரை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். அங்கே பிடிக்கவில்லை என்றால் உங்களுக்கு இந்த நாவல் பிடிக்காது, நிறுத்திக்கொள்ளலாம்.

என் நேர்மையான கருத்து இது. முதல் இரண்டு பாகங்களுக்கு இணையாகத் தமிழில் விறுவிறுப்பான சரித்திரக் கதை எதையும் நான் படித்ததில்லை. இலங்கைப் பகுதியும், ஓடம் விடும் பூங்குழலியும், புயலும் கடலும் மறக்காது. மூன்றாம் பாகத்திலும் நான்காம் பாகத்திலும் இழுவை உண்டு. ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பது, சுரங்கப்பாதை, சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர்வது எல்லாம் மறுபடி மறுபடி வருகின்றன. வந்தியத்தேவனின் அதிர்ஷ்டத்தையே நம்பிக் கதை நகரும் இடங்கள் நிறைய. நந்தினி மட்டும் கடைசிவரை அலுக்கவே இல்லை. நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்ல விடாமல் ஒரு பாத்திரத்தை ஐந்து பாகத்துக்கும் நிறுத்தியிருப்பது பெரிய திறமை.

முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. கதை சட்டென்று நின்றுவிட்டதே என்று அன்றைய வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். அதற்காகவே கடைசியில் முடிவுரை ஒன்று எழுதி, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதைத் தவறாமல் படியுங்கள். ஆர்வம் அடங்காதவர்கள் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றித் தேடிப் படிக்கலாம். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையே அது சொல்கிறது. கதையில் வரும் ரவிதாசனைக் கல்லிலும் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஐந்து பாகம் பயமாக இருந்தால் பார்த்திபன் கனவு எடுங்கள். கல்கியின் சரித்திர நாவல்களில் முதலில் வந்ததும் சிறியதும் அதுதான். சிவனடியார் யார் என்ற மர்மத்தைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் சுவை குறையவில்லை. சிவகாமியின் சபதம் கதைப்படி அதற்கு முந்தைய காலம், ஆனால் பின்னால் எழுதப்பட்டது. இரண்டில் எதை முதலில் படித்தாலும் பாதகமில்லை. மூன்றிலும் மனதைக் கனக்க வைக்கும் முடிவு சிவகாமிக்குத்தான். என்னைக் கேட்டால் கல்கியின் ஆகச் சிறந்த முடிவும் அதுவே.

சாண்டில்யனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் புறா, யவன ராணி இரண்டும் பிரபலம். கப்பல் போர், கோட்டை முற்றுகை, தந்திரம் என்று வந்தால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கப்பலை எப்படித் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் கண்முன் நிறுத்துவார். ஆனால் கதாநாயகி அறைக்குள் வந்தால் வர்ணனை பக்கக் கணக்கில் ஓடும். அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிடுவேன். நீங்களும் தாண்டலாம், கதையில் ஒன்றும் விட்டுப்போகாது.

சுஜாதா

நகரத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்கள் பலருக்குத் தமிழில் முதலில் ஒட்டுபவர் சுஜாதா. ரங்கராஜன் என்ற பொறியாளர். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் வேலை, மனைவியின் பெயரில் எழுத்து. வாக்கியங்கள் சின்னவை. தேவையில்லாத ஒரு சொல் இருக்காது. ஓர் ஆளை இரண்டு வரியில் நிறுத்திவிடுவார்.

கரையெல்லாம் செண்பகப்பூ நல்ல தொடக்கம். நாட்டுப்பாடல் சேகரிக்க நகரத்திலிருந்து கிராமத்துக்கு வரும் கல்யாணராமன், ஒரு பழைய ஜமீன் வீடு, வெள்ளி என்ற பெண், நடுவில் கொலை. மர்மத்தைவிட அந்த ஊரும் பாட்டுகளும்தான் எனக்குப் பிடித்தது. அதற்கடுத்து கொலையுதிர் காலம். வக்கீல் கணேஷும் வசந்தும் வரும் கதைகளில் நிறையப் பேருக்குப் பிடித்தது இதுதான். நடந்ததற்கு விஞ்ஞான விளக்கமா, அமானுஷ்யமா என்று கணேஷ் ஒரு பக்கமும் வசந்த் ஒரு பக்கமும் நிற்பார்கள். படித்து முடித்துவிட்டு வீட்டில் யாரோடாவது சண்டை போடலாம், அப்படி ஒரு முடிவு. ராத்திரி தனியாகப் படிக்க வேண்டிய புத்தகம். கணேஷ் முதன்முதலில் வந்தது நைலான் கயிறில். அதைப் பிறகு படித்தால் போதும். என் இனிய இயந்திரா படிக்கும்போது ஜீனோ என்ற இயந்திர நாயின் மேல் பாசம் வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

குறையையும் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் கமெண்ட்டுகள் அன்றைக்குச் சிரிப்பை வரவழைத்திருக்கலாம், இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கின்றன. சில தொடர்களின் கடைசி இரண்டு அத்தியாயங்கள், ஓடிவந்த பஸ்ஸைப் பிடிப்பதுபோல் அரக்கப்பரக்க முடிகின்றன. ஏற்கெனவே சொன்ன வாரப் பத்திரிகைக் கணக்குதான் காரணம் என்று தெரிந்தாலும் ஏமாற்றம் ஏமாற்றம்தான். நாவல் பிடிக்காமல் போனால் ஸ்ரீரங்கத்துக் கதைகளை எடுங்கள். சின்ன வயது ஊரையும் மனிதர்களையும் பற்றிய அந்தச் சிறுகதைகளில்தான் அவருடைய முழு அன்பும் தெரிகிறது.

மாத நாவல்கள்: ஒரு ரயில் பயணத்துக்கு ஒன்று

கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டையராக எழுதும் சுபா, தேவிபாலா எல்லோரும் 1980களில் கடைகளை நிறைத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆஸ்தான துப்பறியும் ஜோடி. ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. பிரபாகருக்கு பரத், சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன், வைஜெயந்தி. யாரைப் படிப்பது என்று தெரியாவிட்டால் ஆளுக்கு ஒன்று படித்துவிட்டு, எந்த ஜோடியோடு காபி குடிக்கப் பிடிக்கும் என்று பாருங்கள். எனக்கு பரத், சுசீலா. வாய்ப்பேச்சு சுறுசுறுப்பு.

ராஜேஷ்குமாரைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். முதல் அத்தியாயத்தில் கோவையில் ஒரு பெண் பார்க்கும் படலம், இரண்டாவதில் டெல்லியில் ஒரு விஞ்ஞானியின் பிணம் என்கிற மாதிரி. ஒற்றைப்படை அத்தியாயம் ஒரு கதை, இரட்டைப்படை இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் போய்க் கடைசியில் ஒன்றாகச் சேரும். புதிதாகப் படிப்பவர் ஐந்தாவது அத்தியாயத்தில் பெயர்களைக் குழப்பிக்கொள்வார். பக்க அடையாளத்துக்கு வைக்கும் தாளிலேயே இரண்டு பத்தியாகப் பெயர்களை எழுதி வையுங்கள். இரண்டு கோடும் எங்கே தொடப்போகிறது என்று முன்கூட்டி ஊகிப்பதில்தான் முழுச் சந்தோஷமும் இருக்கிறது. சேர்ந்த பிறகு வரும் விளக்கம் பல நாவல்களில் சாதாரணம்தான்; குற்றவாளியே உட்கார்ந்து ஐந்து பக்கத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். ஆனால் முதல் அத்தியாயத்தைத் தொடங்குவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

அட்டைப்படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பல நேரம் படத்துக்கும் கதைக்கும் தொடர்பே இருக்காது.

பேய், சித்தர், கோயில் மர்மம் பிடிக்கும் என்றால் இந்திரா சௌந்தர்ராஜன். மர்மதேசம் தொடரை டிவியில் பார்த்துப் பயந்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்புகிறவர், நம்பாதவர் இருவரின் வாதத்துக்கும் இடம் கொடுப்பார். அது எனக்குப் பிடிக்கும்.

காதல், குடும்பம்

இந்த வகையைப் படிக்காமலேயே மட்டம் தட்டுகிறவர்கள் அதிகம். அது நியாயமில்லை. மருத்துவம் படித்த திரிபுரசுந்தரிதான் லட்சுமி என்ற பெயரில் எழுதியவர். கூட்டுக் குடும்பத்துக்குள் ஒரு பெண்ணின் சம்பளமும் படிப்பும் என்ன பாடுபடுகிறது என்பதை அவர் எழுதியிருப்பதை இன்றைக்குப் படித்தாலும் வலிக்கும். சிவசங்கரியின் ஒரு மனிதனின் கதை குடிக்கு அடிமையாகும் தியாகுவைப் பற்றியது. அறிவுரை சொல்லும் நோக்கம் சில இடங்களில் துருத்திக்கொண்டு தெரியும். இருந்தும், "இன்னைக்கு மட்டும்" என்று ஆரம்பித்து ஒரு வீடு படிப்படியாகச் சரிவதை அவர் காட்டுவது அப்படியே நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

ரமணிசந்திரனுக்கு வாசகிகள் லட்சக்கணக்கில் உண்டு. முடிவு என்ன என்று முதல் பக்கத்திலேயே தெரியும், தெரிந்துதான் படிக்கிறார்கள். களைத்துப்போன நாளில் கெட்டது எதுவும் நடக்காது என்ற உத்தரவாதத்தோடு ஒரு கதை வேண்டும் என்றால் அதில் என்ன தப்பு? எனக்கு உறுத்துவது வேறு. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் தீரும் சந்தேகத்தைக் கடைசிவரை இழுப்பதும், நாயகனின் அதட்டலையும் கோபத்தையும் காதலின் அடையாளமாகக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. இளம் பெண்களிடம் இந்த நாவல்களைக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பேன்.

பாலகுமாரன் இந்த வரிசையில் வரமாட்டார், ஆனால் வேறெங்கே வைப்பது? இரும்பு குதிரைகள் படியுங்கள். லாரித் தொழிலின் உள்ளே போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். லோடு, ஷெட், டிரைவர், கணக்குப்பிள்ளை எல்லாம் அசல். பாத்திரங்கள் நடுநடுவே வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசத் தொடங்குவார்கள். சிலருக்கு அந்தப் பேச்சுதான் பாலகுமாரன், எனக்கு லாரி போதும்.

புத்தகத்துக்கு எங்கே போவது

காசு செலவழிக்க வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் பொன்னியின் செல்வன் முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. கண் ஓடவில்லை என்றால் காது இருக்கிறது: பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிப்புத்தகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல். ஓர் அத்தியாயம் கேட்டு, அடுத்ததைப் படித்து என்று மாற்றி மாற்றிப் போனால் வாசிப்பு வேகம் தானாக வரும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பல பாக நாவல் என்றால், முதல் பாகத்தை எடுப்பதற்கு முன் மற்ற பாகங்களும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மூன்றாம் பாகம் மட்டும் மாதக்கணக்கில் யார் வீட்டிலோ இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

பழைய புத்தகக் கடையில் மாத நாவல் வாங்கினால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய பிரதிகளில் முதலில் கிழிந்து போவது அதுதான். அங்கே பைண்டு செய்த தொடர்கதை கண்ணில் பட்டால் விடவே விடாதீர்கள். பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, முதல் பக்கத்தில் யாரோ மையால் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். கதையோடு அந்த வாரத்து ஜோக்கும் பாதி விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வரும். முக்கியமாக ஓவியம் இருக்கும். பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் பார்த்துக்கொண்டே படிப்பது தனி அனுபவம். புதுப் புத்தகமாக வாங்குவதானாலும் மணியம் படங்களோடு வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பிடிக்கவில்லை என்றால்

ஐம்பது பக்கம் கொடுங்கள். நகரவில்லை என்றால் மூடிவிடுங்கள். பரீட்சை ஒன்றும் இல்லை. ஆனால் மூடும்போது ஏன் என்று ஒரே ஒரு வாக்கியம் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். "போர் அடிக்குது" என்பது போதாது. "வர்ணனை அதிகம்", "யார் பேசுறாங்கன்னே புரியல", "கதாநாயகன் மேல எனக்கு அக்கறையே வரல" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அந்த வாக்கியம்தான் உதவும். வர்ணனை பிடிக்காதவர் சுஜாதாவுக்குப் போகலாம். ஆள் குழப்பம் என்றால் தேவனுக்குத் திரும்பலாம்.

பிடித்ததையும் அதே மாதிரி சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கல்கியின் மூன்றாம் பாகம் இழுவை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நந்தினியைப் பிடிக்குமா குந்தவையைப் பிடிக்குமா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அவர்கள் எந்த வயதில் படித்தார்கள், அந்தப் பத்திரிகையை யார் முதலில் படிப்பது என்று வீட்டில் எப்படி அடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் தானாக வெளியே வரும். கொலையுதிர் காலம் படித்த நண்பரிடம் மட்டும், அடுத்தவர் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். இன்னும் படிக்காத ஒருவர் பக்கத்தில் இருக்கலாம்.